ராத்திரி பாதியில் விட்ட வேலை

நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன் மா, வேறு யார் படித்தாலும் புரியட்டும். கிளாஸ்கோவுக்குப் போய் இது உனக்கு இரண்டாவது குளிர்காலம். காலை எட்டு மணிக்கும் ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. ஏழு வயது மகளை எழுப்பி, சீருடை மாட்டி, பள்ளிக்குக் கிளப்புவதற்குள் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடுகிறது, அவளுக்குச் சத்தமாக, உனக்குச் சத்தமில்லாமல். "டீச்சர், கைவேலை வகுப்பில் சொல்வீர்களே, தோட்டத்தில் நாலு மணிக்கே எழுந்து கித்தாக் கொட்டையில் என்னென்னவோ செய்தோம் என்று. அந்த இருட்டை எப்படித் தாங்கினீர்கள்? அதில் ஏதாவது ஒன்றை இவளுக்கு இங்கே சொல்லித்தர முடியுமா?" இவ்வளவுதான் கேள்வி. தோட்டம் என்றால் மலேசியாவில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டம், கித்தா என்பது ரப்பருக்கு எங்கள் பேச்சு.

முடியும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. உன் இருட்டு வேறு, எங்கள் இருட்டு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால், அந்தக் காலத்தில் எல்லாரும் எழுந்தார்களே, எனக்கு மட்டும் என்ன கேடு என்று உன்னையே திட்டிக்கொள்வாய். அந்தப் பாரம் உனக்கு வேண்டாம்.

கிளாஸ்கோ கிட்டத்தட்ட 56 பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் அங்கே சூரியன் 8:46க்கு எழுந்து மாலை 3:44க்கு விழுந்துவிடும். மொத்தமே ஏழு மணி நேரப் பகல், அதிலும் பெரும்பாலும் மேகம். மலேசியாவில் நம் ஊரான சுங்கை சிப்புட்டில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். நாங்கள் இருட்டில் எழுந்தோம், உண்மைதான், ஆனால் நாலைந்து மணி நேரத்தில் வெயில் முதுகைச் சுட்டது, மத்தியானம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசல் சிமெண்டில் கால் வைக்க முடியாது. உடம்புக்கு வேண்டிய வெளிச்சம் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்குக் கிடைத்தது. உனக்குக் கிடைப்பதில்லை. ஆகவே நீ எழ முடியாமல் தவிப்பது சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, நீயே உன்னைச் சொன்னாலும்கூட.

எங்கள் இருட்டுக்குக் காரணம் பால் மரம். கித்தா மரத்தின் பட்டைக்குள் பால் ஓடுகிற நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. ராத்திரியில் இலைகள் நீரை ஆவியாக விடுவது குறைவு என்பதால், விடியற்காலையில் அந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது உளி பட்டால் பால் தாராளமாக வழிந்து மங்கு என்கிற கோப்பையில் இறங்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், பாலும் சுருங்கிவிடும். மரத்துக்கு எது நல்ல நேரமோ அதுதான் மனிதருக்கும் வேலை நேரம். எங்கள் தோட்டத்தில் ஐந்தரை மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்று சம்பளம் இல்லை. அதற்காக அம்மா நாலு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுவார். பக்கத்து வீட்டிலும் அதே நேரம், அதற்குப் பக்கத்து வீட்டிலும் அதே நேரம், பலகைச் சுவர் வழியாக விறகு ஒடிக்கிற சத்தம் லயம் முழுக்க ஒவ்வொரு வீடாக நகர்ந்து வருவது கேட்கும். கைக்குழந்தைகளைத் தூக்கத்தோடு தூக்கித் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் குழந்தைகளில் பல பேருக்கு அம்மாவின் முகம் காலையில் எப்படி இருக்கும் என்றே தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாட்களை நான் அழகாக நினைக்கிறேன் என்பதால் அவை சுலபமாக இருந்தன என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் கடிகாரம் மாறிய கதை. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனபோது தீபகற்ப மலேசியா முழுவதும் மணியை 12:00 என்று திருப்பி வைத்தோம். சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அரை மணி நேரத்தை முன்னால் தள்ளினார்கள். சூரியன் தன் நேரத்துக்குத்தான் வந்தது, நாம்தான் அரை மணி முந்தி எழ ஆரம்பித்தோம். அதற்கு முன்பு வெளிச்சத்தில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் அதற்கப்புறம் இருட்டில் போனார்கள். நான் ஆசிரியை ஆன பிறகு கவனித்த ஒன்று இது. நம் ஊரில் மே மாதக் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் சூரியன் 7 மணியை ஒட்டி உதிக்கும், பிப்ரவரி முதல் வாரத்திலோ 7:30 தாண்டிவிடும். பகலின் நீளம் பெரிதாக மாறாத ஊரில் இது எப்படி என்று ரொம்ப நாள் யோசித்தேன். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லை, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, சூரியனின் நேரம் நம் கடிகாரத்தை விட நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிஷம் முந்துகிறது, பிப்ரவரி நடுவில் 14 நிமிஷம் பிந்துகிறது. அப்போதெல்லாம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும் இல்லையா? முதலாம் ஆண்டுப் பிள்ளைகள், வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள், வருஷத்தின் மிக இருட்டான காலைகளில்தான் வந்தார்கள். பாதிப் பேர் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். அடம் என்று நினைத்து அதட்டிய வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

நீ இருக்கிற ஊர்க்காரர்களும் இதை அனுபவித்தவர்கள். 1968 அக்டோபரிலிருந்து 1971 அக்டோபர் வரை பிரிட்டன் குளிர்காலத்திலும் கோடைக்கால நேரத்தையே வைத்துப் பார்த்தது. அந்தக் கணக்கில் கிளாஸ்கோவில் டிசம்பர் சூரியன் 9:45க்கு மேல்தான் உதித்திருக்கும். ஸ்காட்லாந்தில் எதிர்ப்பு அதிகம் இருந்தது, நாடாளுமன்றம் ஓட்டெடுத்து அதைக் கைவிட்டது. உன் பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பார், இருட்டில் பள்ளிக்கு நடந்த கதையை அவர்களும் சொல்வார்கள்.

சரி, கைவேலைக்கு வருகிறேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஆயாக் கொட்டகைக்குப் போகிற வயசு தாண்டிவிட்டது, தனியாக வீட்டில் விட்டால் தூங்கிப் பள்ளியைக் கோட்டை விடுவேன் என்று அம்மா தன்னோடு சேர்த்து எழுப்பிவிடுவார். தோட்டத்து ஜெனரேட்டர் ராத்திரியே நின்றிருக்கும். ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அதுவும் அடுப்பங்கரையில். நான் பாயில் உட்கார்ந்து கண்ணைத் திறக்காமலே தலைமாட்டில் துழாவுவேன். அங்கே ராத்திரி பாதியில் விட்ட ஏதோ ஒன்று இருக்கும். ஒரு பக்கம் மட்டும் குடைந்த கித்தாக் கொட்டை, நாலு மடிப்பு பின்னி நிறுத்திய தென்னோலை, நூல் கோக்காத சோடா மூடி. விரலில் அது பட்டதும், அட, இதை இன்னும் முடிக்கவில்லையே என்று ஒரு நினைப்பு வரும் பார், அதில்தான் தூக்கம் கலையும். கண்ணுக்கு முன்னால் கை விழித்துக்கொள்ளும். அம்மா கூப்பிட்டதால் நான் எழுந்த நாட்கள் குறைவு, அந்தக் கொட்டை கூப்பிட்டுத்தான் எழுந்தேன்.

உனக்கு நான் சொல்ல வந்த விஷயமே இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது. கைவேலையைக் காலையில் புதிதாக ஆரம்பிக்கச் சொல்லாதே. இருட்டில் எழுந்த குழந்தைக்கு எதையும் ஆரம்பிக்கத் தெம்பு இருக்காது. ராத்திரி ஆரம்பித்து, ஆசையாக இருக்கும்போதே நிறுத்தி, காலையில் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. இன்னும் ஒன்றே ஒன்று என்று கெஞ்சுவாள். கொடுக்காதே, அந்தக் கெஞ்சலைத்தான் காலைக்குச் சேமித்து வைக்கிறாய். பின்னாளில் வகுப்பிலும் இதையே செய்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீள மேசை போட்டு முந்தின நாள் பாதியில் நின்ற வேலைகளை அவரவர் பெயர் எழுதி வைத்துவிடுவேன். இருட்டில் வந்த பிள்ளைகள் பையைக்கூடக் கழற்றாமல் அங்கே போய் நிற்பார்கள். நீயும் நின்றிருக்கிறாய், எனக்கு நினைவிருக்கிறது, மணி கோத்துக்கொண்டிருந்தாய்.

இப்போது கித்தாக் கொட்டை. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் காய் முற்றி வெயிலில் பட்டென்று வெடிக்கும், துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம், ஒரு காயிலிருந்து மூன்று கொட்டை எங்கோ தூரத்தில் போய் விழும். பளபளப்பான தோல், பழுப்பில் வெள்ளிக் கோடும் புள்ளியும், ஒரு கொட்டையில் இருக்கிற கோலம் இன்னொன்றில் இருக்காது. பால் டின்னில் நிரப்பி வைத்தால் நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறை வரை ஓடும். அதைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கித் தூங்குகிற தம்பி கையில் வைப்பது ஒரு வேலை. இரண்டு கொட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து உள்ளங்கையால் ஓங்கி அடித்து, எது உடையாமல் நிற்கிறதோ அது ஜெயித்தது என்பது இன்னொன்று. உடையாத கொட்டைக்கு மதிப்பு அதிகம், பத்துக் கொட்டை கொடுத்தாலும் விட மாட்டோம். ஒன்றை மட்டும் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், உள்ளே இருக்கிற பருப்பை வாயில் வைக்கக் கூடாது. பச்சைப் பருப்பில் சயனைடு விஷம் உண்டாக்குகிற பொருள் இருக்கிறது, அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு.

ஆனால் எங்களை நிஜமாகவே விழிக்க வைத்தது ராட்டினம்தான். அதற்கு இரண்டு கொட்டை, ஒரு மூங்கில் சிம்பு, ஒரு முழம் நூல். குடைக்கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் கொட்டையின் மேலும் கீழும் நேர் நேராக ஓட்டை போட வேண்டும், ஓட்டை சற்றுக் கோணினாலும் சுற்றாது. பக்கவாட்டில் மூன்றாவதாக ஒரு சின்ன ஓட்டை. தோல் கருகும்போது ஒரு எண்ணெய் வாசம் வரும், இன்றைக்கும் எங்காவது பொரிவிளங்காய்க்கு வறுத்தால் எனக்கு அந்த ஞாபகம்தான். அப்புறம் கொண்டை ஊசியால் உள்ளே இருக்கிற பருப்பைத் துண்டு துண்டாக நோண்டி எடுக்க வேண்டும். இதுதான் பொறுமையான வேலை, ஒரு ராத்திரியில் முடியவே முடியாது. அவசரப்பட்டால் ஓடு விரிந்துவிடும். உள்ளே காலியானதும் சிம்பைச் செருகி, அதன் நடுவில் நூலைக் கட்டி, பக்கத்து ஓட்டை வழியாக வெளியே இழுத்துவிடுவோம். சிம்பின் மேல் நுனியில் பாரத்துக்கு இரண்டாவது கொட்டை. சிம்பைத் திருகி நூலைச் சுற்றிக்கொண்டு, கீழ்க் கொட்டையை இடது கையில் பிடித்து நூலை இழுத்து விட்டால் மேல் கொட்டை விர்ரென்று சுற்றும், சுற்றிய வேகத்தில் நூலைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுபடி இழுக்கலாம். அம்மா தேத்தண்ணி ஆற்றுவதற்குள் நூறு தடவை இழுத்திருப்பேன். கை சூடாகும், தோள் வரைக்கும் ரத்தம் ஓடும். பாயைச் சுருட்டச் சொல்லி யாரும் அதட்ட வேண்டியதில்லை.

கித்தாக் கொட்டையை உனக்கு அனுப்ப முடியாது மா, வெளிநாட்டு விதை உள்ளே வர அங்கே கட்டுப்பாடு உண்டு. ஆனால் உன் ஊர்ப் பூங்காக்களில் செப்டம்பர், அக்டோபரில் ஹார்ஸ் செஸ்நட் என்ற மரத்தடியில் பார், பளபளவென்று பழுப்புக் கொட்டை கொட்டிக் கிடக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைக் காங்கர் என்பார்கள். அவர்களும் அதை நூலில் கட்டி ஒன்றோடொன்று மோதவிட்டு, உடையாதது ஜெயித்தது என்று ஆடுவார்கள். முதல் தடவை இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, நம் லயத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? அதையும் தின்னக் கூடாது, அதே எச்சரிக்கை. புதிதாக இருக்கும்போது மெத்தென்று இருக்கும், நீயே ஒரு சிறு ஓட்டை போட்டுப் பல்குத்தும் குச்சியைச் செருகிக் கொடுத்தால் பம்பரம் ஆகிவிடும். இந்த வருஷம் பருவம் போய்விட்டது, அடுத்த வருஷத்துக்கு இப்போதே குறித்து வை.

இன்றைக்கே செய்யக்கூடியது சோடா மூடிச் சுற்றி. நாங்கள் மூடியைக் கல்லில் தட்டித் தட்டிச் சப்பையாக்கி ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு நூலைக் கோத்து முடிவோம். இரண்டு கையிலும் நூலை மாட்டி, நடுவில் மூடியைச் சுழற்றி முறுக்கேற்றி, இழுத்துத் தளர்த்தி இழுத்துத் தளர்த்திப் பார், வண்டு மாதிரி இரையும். மூடி விளிம்பு விரலை வெட்டிவிடும், எனக்கு வெட்டியிருக்கிறது. உன் மகளுக்குப் பழைய கோட்டுப் பட்டன் ஒன்று பெரியதாக எடுத்துக் கம்பளி நூல் கோத்துக் கொடு. பட்டனின் ஒரே முகத்தில் அவள் இரண்டு நிறம் தீட்டட்டும், ஒரு பாதி ராத்திரி, மறு பாதி காலையில். இரண்டு நிறமும் சுழலும்போது மூன்றாவது நிறமாகத் தெரிவதைப் பார்க்கவே எழுந்துவிடுவாள்.

தென்னோலைக் கிளி, பாம்பு, கைக்கடிகாரம் எல்லாம் உனக்கே தெரியும். ஓலை கிடைக்காது என்று கவலைப்படாதே, பரிசு கட்டுகிற அகல ரிப்பன் அதைவிட நன்றாக மடியும். கெத்துப்பாட் என்ற மலாய் அரிசிப் பலகாரத்துக்கான ஓலைக் கூடு பின்னுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பலகாரம் கொண்டு வருகிற ஒரு மக்சிக், அதாவது ஒரு மலாய் அம்மா. ஓலையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு பேசிக்கொண்டே பின்னுவார், கையைப் பார்க்கவே மாட்டார். எனக்கு அது கை வர ஒரு நோன்பு மாதம் முழுக்க ஆயிற்று. மரத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்கிற ஒட்டுப்பாலை நீள நீளமாக இழுத்துச் சுற்றிப் பந்து செய்வோம், கல்லைப் போலக் கனக்கும், கூரை உயரம் எம்பும், நாறும். அதை உன் வீட்டில் யாரும் விரும்ப மாட்டார்கள், விட்டுவிடலாம்.

மார்கழியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கணக்குப் போட்டுப் பார், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, உன் ஊரில் காலை மிக இருட்டாக இருக்கிற முப்பது நாளும் நம் மார்கழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் ஆட்கள் அந்த மாதத்தில்தான் வேண்டுமென்றே இன்னும் முந்தி எழுந்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறும், குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஓடினால் தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் கிடைக்கும். கோயிலுக்குப் போகிற மண் சடக்கில் விளக்கு கிடையாது, பாம்பு பயம் வேறு. அதற்காக நாங்கள் செய்ததுதான் டின் விளக்கு. காலி பால் டின்னில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகப் போட்டு, நட்சத்திரமோ மீனோ அவரவர் கைக்கு வந்த உருவம், உள்ளே மெழுகுவர்த்தியை நிறுத்திக் கம்பியில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு போவோம். வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கிவிடும், அதனால் ஈர மணலை இறுக அடைத்துக்கொண்டு அடிப்போம். நடக்க நடக்க அந்தப் புள்ளி வெளிச்சமெல்லாம் மரத்தின் மேல், பாவாடையின் மேல், முன்னால் போகிறவளின் முதுகின் மேல் ஓடும். ஒரு மார்கழியில் நான் டின்னை ஆட்டிக்கொண்டே ஓடி மெழுகு சரிந்து பாவாடை ஓரம் பற்றிக்கொண்டது. பின்னால் வந்த அக்கா ஒருத்தி ஈரத் துண்டை வீசி அணைத்தார். காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. உன் மகளுக்கு பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு மட்டும்தான், மெழுகுவர்த்தி கூடாது, நீ பக்கத்தில் இருந்தாலும் கூடாது.

இப்போது வெளிச்சம். கைவேலை மனசை எழுப்பும், உடம்பின் கடிகாரத்தை அது திருப்பி வைக்காது, அதற்கு வெளிச்சம்தான் வேண்டும். நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்கிற செல்களும் இருக்கின்றன. காலையில் அவற்றுக்கு நல்ல வெளிச்சம் பட்டால்தான் மூளை தூக்க ஹார்மோனான மெலடோனினை நிறுத்திப் பகல் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில் நம் ஊர் உச்சி வெயில் ஒரு லட்சம் வரை போகும், வீட்டுக்குள் எரிகிற விளக்கு 100, 200 லக்ஸ் தேறினால் அதிகம். குளிர்காலத்தில் சிலருக்கு வருகிற மனச்சோர்வை நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984ல் பெயர் சொல்லி விவரித்தார்கள். அவர் வெயில் நிறைந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோய்த் தானே அந்தச் சோர்வை அனுபவித்தவர். உன் கதைதான் மா அவருடையதும்.

அதற்கென்றே 10,000 லக்ஸ் விளக்குகள் விற்கிறார்கள். விழித்த கொஞ்ச நேரத்தில் அரை மணி நேரம், விளக்கை நேராக முறைக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, கையில் வேலை செய்யலாம். இது உனக்கு. கண்ணில் கோளாறு இருந்தாலோ, இருதுருவ மனநோய் இருந்தாலோ, மாத்திரை ஏதாவது சாப்பிட்டாலோ முதலில் டாக்டரைக் கேள். மகளுக்கு டாக்டர் சொல்லாமல் இதை வைக்காதே. அவளுக்கு வீட்டிலேயே அதிக வெளிச்சமான விளக்கின் கீழ், திரையைத் திறந்த ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை போதும், பாதியில் விட்ட வேலை அங்கேதான் காத்திருக்க வேண்டும். பிறகு பகலில், பள்ளி விடுமுறை நாளில், பதினொரு மணிக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வெளியே போய்விடு. மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைப் போலப் பல மடங்கு. பிரிட்டனில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதை யோசிக்கச் சொல்கிறார்கள், நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு வருஷம் முழுவதுமே. ராத்திரி போனை ஓரமாக வை. இவ்வளவும் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், காரணமே இல்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால் டாக்டரிடம் போ. டீச்சர் சொன்னார் என்று கைவேலையிலேயே உட்கார்ந்திருக்காதே.

இன்னொன்று. விடியல் டிசம்பர் கடைசி வரை தள்ளித் தள்ளித்தான் போகும், ஆனால் அங்கே மாலை டிசம்பர் நடுவிலேயே நீள ஆரம்பித்துவிடும். ஜனவரி கடைசியில் சூரியன் 4:40 தாண்டித்தான் அடையும், ஒரு மணி நேரம் லாபம். இதை அவளோடு சேர்ந்து கணக்கு வை. தினம் சூரியன் அடைகிற நேரத்தைப் பார்த்து, கறுப்பு அட்டையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. கோலப்புள்ளி மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டு போகட்டும். நம் ஊரில் வாசலில் வைத்ததை அங்கே அட்டையில் வைக்கிறாள், அவ்வளவுதான். தை பிறக்கும்போது புள்ளிகளைச் சேர்த்தால் கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று அவளே கண்டுபிடிப்பாள்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், வேறு எங்கும் இதைச் சொன்னதில்லை. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை, பால் மரத்தோடு வழிந்து வீணாகிவிடும். விடியற்காலையில் தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரே சந்தோஷம், அம்மா வீட்டில் இருப்பார். அவருக்கு அது ஒரு நாள் சம்பளம். ஆனாலும் அந்தக் காலைகளில் அவர் எதுவும் சொல்லாமல் என் பக்கத்தில் பாயில் வந்து உட்கார்ந்து, பாதியில் கிடக்கிற கொட்டையை வாங்கி, கொண்டை ஊசியைத் தன் தலையிலிருந்தே உருவி நோண்ட ஆரம்பிப்பார். உளி பிடித்துக் காய்த்த விரல், பட்டையில் காயம் படாமல் மெலிதாகச் சீவப் பழகிய கை, ஓடு விரியாமல் பருப்பு மட்டும் துகள் துகளாக வெளியே வரும். என் ராட்டினங்களில் நன்றாகச் சுற்றியவை எல்லாம் மழை நாளில் செய்தவைதான். மகளை மட்டும் உட்கார வைத்துவிட்டு நீ சமையலறைக்கு ஓடாதே. பத்து நிமிஷம் முந்தி எழுந்து அவள் பக்கத்தில் உட்கார். பெரிய கையும் சின்னக் கையும் ஒரே வேலையில் இருந்தால் அந்த இருட்டின் கனம் வேறு மாதிரி இருக்கும்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது இதுதான். ஒரு காலி டின்னை எடுத்து விளிம்பைத் தட்டி மழுக்கி, நன்றாகக் கழுவி, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் வை. உறைந்த பனிக்கட்டி எங்கள் ஈர மணல் செய்த வேலையைச் செய்யும், ஆணி அடித்தாலும் டின் நசுங்காது. அடி சற்றுப் புடைக்கலாம், சுத்தியலால் தட்டிக்கொள். நாளை சாயங்காலம் வெளியே எடுத்து, ஒரு துண்டின் மேல் படுக்க வைத்து, அவள் விரும்புகிற உருவத்தைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வரையச் சொல். ஆணியை நீ பிடித்துக்கொள், சுத்தியலை அவள் பிடிக்கட்டும். ஐந்து ஓட்டை போட்டதும் நிறுத்திவிட்டு மறுபடி ஃபிரீசரில் வைத்துவிடு.